மூடி

எட்மன்டனில் இன்றைக்கு முப்பத்தொன்று,
சைபருக்குக் கீழே.
பஸ் தரிப்பில் நின்ற பதினான்கு நிமிடத்தில்
கண்ணிமைகள் ஒட்டி ஒட்டித் திறந்தன.
வலக்கைச் சுட்டுவிரல் மட்டும்
கையுறைக்குள் தனியாக எரிந்தது.

இந்த விரல்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்.
காலையில் ஒரு மணித்தியாலம் மடங்காது என்பது
குகநேசனுக்குத் தெரியும்.
தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும்தான் ஏந்துவேன் என்பது
தபால் பிரிக்கும் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.
எனக்கென்று உயரக் கதிரை ஒன்று
கேட்காமலே வந்தது.
அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்துவிட்டது.
கிழமைக்கு ஒரு நாள் மஞ்சள் மாத்திரைகள்,
நோவு கூடினால் நாப்ரொக்சன்.
நோவு கூடாத நாள் எது?

இரத்தம் கேட்டால் கொடுத்தேன்,
முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.
சிறுநீர் கேட்டால் மட்டும்
இப்போது வராது என்றேன்.
மூன்று தரம் சொன்னேன்.
ஒன்றரை வருடம் போயிற்று.

வெட்கமாக்கும் என்று நினைத்திருப்பார்கள்.
வெட்கமில்லை, மூடி.
பிளாஸ்டிக் கோப்பையின் செம்மஞ்சள் மூடி.
முதல் தரம் கழிப்பறைக்குள்
சுவெட்டர் நுனியால் பற்றித் திருகினேன்.
பல்லால் கடித்தேன்.
முழங்கால்களுக்கு இடையில் வைத்து
இரண்டு உள்ளங்கையாலும்
ஒரு நாட்டையே திருப்புகிற மாதிரி.
யாரோ கதவைத் தட்டினார்கள்.
வெறுங்கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு
கை கழுவி
மரியாதையாக வெளியே வந்தேன்.

இன்று, சட்டையில் மரிசெல் என்று பெயர் குத்திய பெண்
என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
மூடியைத் திருகிக் கழற்றி
சும்மா மேலே வைத்துத் தந்தாள்.

வந்தது.

ஆறாம் நாள் டொக்டர் ஒக்கஃபோர் சொன்னார்:
இரத்தத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.
சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசிகிறது.
கொஞ்சம்தான்.
நேரத்தோடு வந்திருக்கிறீர்கள்.
முதுகுப்பக்கம் ஏதாவது வலித்ததா?
இல்லை என்றேன்.
வலிக்காது, என்றார், அதுதான் பிரச்சினை.

விரல்கள் ஊரைக் கூட்டிய பதினொரு வருடமும்
அவை இரண்டும்
இடுப்புக்குப் பின்னால் இருட்டில் இருந்து
எனக்கு வந்த அழற்சியையும்
நான் விழுங்கிய நாப்ரொக்சனையும்
சேர்த்தே தாங்கியிருக்கின்றன.
ஒரு முனகல் இல்லை.
அழாத பிள்ளைக்குப் பசியில்லை என்று
நானாக முடிவுகட்டிவிட்டேன்.

நாப்ரொக்சனை நிறுத்தச் சொன்னார்.
மற்ற மருந்தின் அளவைப் பார்த்து எழுதுவதாகச் சொன்னார்.
நன்றி சொல்லத் தோன்றவில்லை.
கோபம்தான் வந்தது.
அன்றிரவு விரல்கள் பத்தும் விழித்திருந்து
என்னைத் திட்டின.
குகநேசன் வெந்நீர்ச் சட்டி கொண்டுவந்து வைத்தார்.
அதற்குள் கையை விட்டபடி
முதன்முறையாக
வலிக்காத இடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.
நினைக்க அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும்.
சித்திரை மாதம்; தெருவோரப் பனி
கரி பூசிய உப்புக்கட்டி போலக் கிடந்தது.
மரிசெல் லீவு.
காதில் கம்மல் போட்ட பையன் ஒருவன்
கோப்பையை நீட்டினான், இறுக்கி மூடி.

வாங்கவில்லை.
மூடியைத் தளர்த்தித் தரவேணும் என்றேன்,
கொஞ்சம் உரக்க,
என் விரல்கள் இத்தனை காலம் கத்திய அதே குரலில்.
வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.

முடிவு வெள்ளிக்கிழமை வரும்.
பஸ்ஸுக்கு இன்னும் எட்டு நிமிடம்.